பதிப்பு முரண்பாடும் மேசைக்கணினியும்
பெல்மதுளைப் படிப்பகக் கணினியொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒரு கருவி பழுதடைவது வேறு. அதன் உறுப்புகள் யாவும் பழுதின்றி இருக்கையிலேயே அவை தம்முள் உடன்படாது நிற்பது வேறு. முன்னையதற்குத் தேய்வு காரணமாகும். பின்னையதற்கு வரலாறு காரணமாகும். வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளை முன்னிட்டு, ஒருவரையொருவர் அறியாத பலரின் உழைப்பால் ஆக்கப்பட்டவை ஒரே பெட்டிக்குள் வந்து சேரும்போது தோன்றும் இணக்கமின்மையே அது. கணினியைப் பயன்படுத்துவோர் அன்றாடம் எதிர்கொள்ளும் இடர்களுள் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை. ஆயினும் அவை முதலாம் வகையினவாகவே கருதப்பட்டு, பழுதுக்குரிய மருந்தே அவற்றுக்கும் கொடுக்கப்படுகின்றது. அதன் விளைவாக இழக்கக்கூடாதவை இழக்கப்படுகின்றன.

செய்நிரலாக்க மொழிகளின் இயக்கச்சூழல்கள் பதிப்பு வேறுபாட்டினால் மோதிக்கொள்வதை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. அம்மோதல் ஏன் நிகழ்கின்றது, அதனை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு தீர்ப்பது ஆகிய மூன்று வினாக்களுக்கும் கணினியியலைச் சிறப்புப் பாடமாகக் கல்லாதவரும் விளங்கிக்கொள்ளத்தக்க வகையில் விடை கூற முயல்வோம்.

1. படிப்பகமும் அதன் கணினியும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரியூடாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் ஏ-4 பெருந்தெருவிலிருந்து, எம்பிலிப்பிட்டிய நோக்கிய ஏ-18 வீதி பிரியும் சந்தியே பெல்மதுளை. சூழவுள்ள மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும், பள்ளத்தாக்குகளில் இரத்தினக்கல் அகழ்வும் மக்களின் சீவனோபாயமாக உள்ளன. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் தோட்டங்களில் வாழும் தமிழ் மாணவர்க்குத் தாய்மொழிமூல விஞ்ஞானக் கல்வி நீண்டகாலமாகவே அரிதாக இருந்து வந்துள்ளது. இத்தகைய தோட்டமொன்றின் படிப்பகத்தில் இருந்த மேசைக்கணினியைப் பார்வையிடுமாறு நாம் அழைக்கப்பட்டோம்.

ஒரே கணினியை மூவகையினர் பயன்படுத்தி வந்தனர். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பிரட்டு, கவ்வாத்து, கைக்காசு, அரைப்பேர் முதலாய தோட்டப்புறச் சொற்களை முதியோர் வாய்மொழியிலிருந்து திரட்டிப் பட்டியலிட்டு வந்தார். அவ்வேலைக்கு அவர் கையாண்டது, மூத்த மாணவர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் பைதன் மொழியின் 2.7ஆம் பதிப்பில் எழுதிக் கொடுத்த சிறு செய்நிரலாகும். உயர்தர வகுப்பு மாணவியொருவர் தமது தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்துக்காக அதே மொழியின் 3ஆம் தலைமுறைப் பதிப்பொன்றை நிறுவினார். படிப்பகப் பொறுப்பாளர் கணக்கெழுதும் மென்பொருள் ஒன்றை வைத்திருந்தார்.

மாணவி புதிய பதிப்பை நிறுவிய மறுநாள் சொற்பட்டியற் செய்நிரல் இயங்க மறுத்தது. ஏதோ இடையூறு செய்கின்றது எனக் கருதிய ஒருவர், 'இரட்டிப்பாக' உள்ளவை எனத் தமக்குத் தோன்றிய சில மென்பொருள்களை நீக்கினார். கணக்கு மென்பொருளும் நின்றது. நகரில் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கேட்டபோது, வன்தட்டை முற்றாக அழித்துப் பணிசெயல் முறைமையை மீள நிறுவுவதே வழி என்றார். அவ்வன்தட்டிலேயே ஒலிப்பதிவுகளும் சொற்பட்டியல்களும் இருந்தன. வேறு பிரதி எதுவும் இருக்கவில்லை. வாய்மொழி தந்த முதியோருள் சிலர் அப்போது உயிருடன் இல்லை. ஆகவே, அழித்து நிறுவுதல் என்னும் எளிய தீர்வுக்குக் கொடுக்கப்படவிருந்த விலை யாது என்பது தெளிவு.

2. இயக்கச்சூழல் என்பது யாது?

மனிதர் எழுதும் செய்நிரலைக் கணினியின் மையச் செயலகம் நேரடியாக அறியாது. இடையே ஒரு மொழிமாற்றி வேண்டும். சில மொழிகளில் செய்நிரல் முழுவதும் முன்கூட்டியே இயந்திரமொழிக்குத் தொகுக்கப்படும். பைதன், ஜாவா போன்றவற்றிலோ, செய்நிரல் ஓடும் வேளையில் அதனை ஏற்று நிறைவேற்றும் ஒரு பொறியும், அது துணைக்கொள்ளும் ஆயத்தநிரற் பொதிகளும் அருகிலிருத்தல் வேண்டும். இப்பொறியையும் பொதிகளையும் ஒருங்கே இயக்கச்சூழல் என்கின்றோம். எழுதப்பட்ட செய்நிரல் நாடகப் பிரதி எனின், இயக்கச்சூழல் அதனை ஆடும் குழுவும் அரங்கும் ஆகும். பிரதி மாறாதிருக்கையிலும் குழு மாறினால் ஆட்டம் மாறும்.

இக்குழுவும் நிலையானதன்று. பைதன் மொழியைக் கீதோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர் 1989இன் இறுதியில் ஆக்கத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். அதன் 2ஆம் தலைமுறை 2000ஆம் ஆண்டிலும், 3ஆம் தலைமுறை 2008 டிசெம்பரிலும் வெளிவந்தன. முன்னைய தலைமுறையின் சில அடிப்படைக் குறைகளைக் களைவதற்காக, பழைய செய்நிரல்கள் அப்படியே இயங்கமாட்டா என அறிந்துகொண்டே 3ஆம் தலைமுறை ஆக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. எழுதியோர் உடனே மாறவில்லை. 2010இல் வெளிவந்த 2.7ஆம் பதிப்புக்கான பேணுகை 2015இல் நிறுத்தப்படும் எனக் கூறப்பட்டு, பின்னர் 2020 வரை நீடிக்கப்பட்டது. 2020 ஜனவரி 1ஆந் திகதியுடன் அதன் பேணுகை முடிவுற்றது. இவ்வாறு ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் ஒரே பெயருடைய இரு மொழிகள் உலகெங்குமுள்ள கணினிகளில் அருகருகே வாழ்ந்தன. பெல்மதுளைக் கணினியில் நாம் கண்டது அந்த நீண்ட இடைக்காலத்தின் எச்சமேயாகும்.

3. மோதலின் பொருளியல் அடிப்படை

பதிப்புகள் பல இருப்பதனால் மட்டும் மோதல் தோன்றிவிடாது. பொதுவான ஓரிடத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போதே அது தோன்றுகின்றது. ஏன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது என்ற வினாவுக்குத் தொழினுட்பத்திலன்றிப் பொருளியலிலேயே விடை காணவேண்டும். 1990களில் வன்தட்டும் நினைவகமும் விலைமிக்கவை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனத் துணைநிரல்களை வைத்துக்கொள்வது ஊதாரித்தனமாகக் கருதப்பட்டது. ஆகவே, விண்டோஸ் முறைமையில் அவை பொதுக் கோப்புறையொன்றில் வைக்கப்பட்டு எல்லோராலும் பகிரப்பட்டன. பின்னால் நிறுவப்பட்ட மென்பொருள் அப்பொதுக் கோப்பைத் தன் பதிப்பினால் மாற்றீடு செய்ய, முன்னால் நிறுவப்பட்டது நின்றது. இந்நிலையைக் கணினியாளர் 'நரகம்' என்றே அழைத்தனர். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பீ, ஒரே துணைநிரலின் பல பதிப்புகளை அருகருகே வைக்க இடமளித்தது. சேமிப்பிடம் மலிவடைந்ததும், பகிர்வினால் மிச்சமாகும் இடத்தினும் பிரிவினால் கிடைக்கும் அமைதி பெறுமதிமிக்கதாயிற்று. இக்காலத்துத் தீர்வுகள் யாவும் இந்த மாற்றத்தின் விளைவுகளே.

சபரகமுவ மக்களுக்கு இதனை விளக்க அவர்தம் நிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையின் பிரதான புகையிரதப் பாதைகள் 1676 மில்லிமீற்றர் அகலங்கொண்டவை. களனிவெளிப் பாதையோ 762 மில்லிமீற்றர் அகலமான ஒடுங்கிய பாதையாகவே இடப்பட்டது. அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரிக்கும், அதற்கப்பால் பெல்மதுளைக்கு அண்மையிலுள்ள கஹவத்தை, ஓபநாயக்க ஆகிய ஊர்களுக்கும் அது சென்றது. இரு பாதைகளும் புகையிரதப் பாதைகளே; இரண்டும் தத்தம் அளவில் குறையற்றவை. ஆயினும் ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1976இல் மூடப்பட்டது. 1990களில் கொழும்பு முதல் அவிசாவளை வரையான பகுதி அகலப்பாதையாக மாற்றப்பட்டபோது, அம்மாற்றம் இரத்தினபுரியை எட்டவில்லை. பதிப்பு மாற்றத்தின் சமூகப் பக்கம் இங்கேயே உள்ளது. அளவு மாறும்போது மாற்றியமைக்கப்படுபவை முன்செல்கின்றன. மாற்றியமைக்க எவரும் முன்வராதவை காட்டுக்குள் மறைகின்றன.

4. அழைப்புக்கு விடையளிப்பவர் யார்?

நாம் முதலிற் செய்தது திருத்தமன்று; பிரதியெடுத்தலே. ஒலிப்பதிவுகளும் பட்டியல்களும் செய்நிரலும் வெளிவட்டொன்றில் பிரதிசெய்யப்பட்ட பின்னரே கணினியில் கைவைத்தோம். அடுத்து, எதனையும் நீக்காமலும் புதிதாக நிறுவாமலும் வழுச்செய்தியை வாசித்தோம். வழுச்செய்தியைக் கண்டதும் சாளரத்தை மூடிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. பைதன் மொழியில் நீண்ட வழுச்செய்தியின் கடைசி வரியே முதன்மையானது. அவ்வரி, அச்சிடும் கட்டளையில் அடைப்புக்குறி விடுபட்டுள்ளது எனக் கூறிற்று. 2ஆம் தலைமுறையில் அக்கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டியதில்லை. 3ஆம் தலைமுறையில் அது இன்றியமையாதது. எனவே பழைய பிரதியைப் புதிய குழு ஆட முயல்கின்றது என்பது ஒரே வரியில் புலனாயிற்று.

புதிய குழு ஏன் வந்தது? விண்டோஸ் முறைமையில் ஒரு பெயரைச் சொல்லி அழைக்கும்போது, அப்பெயருடைய நிரலை எந்தெந்தக் கோப்புறைகளில், எவ்வொழுங்கில் தேடவேண்டும் என்பதைக் கூறும் பட்டியலொன்று உண்டு. 'பாத்' எனப்படும் அதனை வழிப்பட்டியல் என்போம். தேடல் மேலிருந்து கீழாக நிகழும். முதலில் அகப்படுவதே விடையளிக்கும். கீழே உள்ளவை இருப்பதாகவே தெரியவராது. கணினி முழுவதற்குமான பட்டியல் முன்னும், தனிப்பயனாளரின் பட்டியல் பின்னுமாக இணைக்கப்படும். இதனை அறியாதோர் தம் பட்டியலில் புதிய பதிப்பைச் சேர்த்துவிட்டு, பழையதே வருகின்றதெனத் தவிப்பர். வழிப்பட்டியலைத் திருத்திய பின்னர், முன்னமே திறந்திருந்த கட்டளைச் சாளரத்தை மூடி மீளத் திறக்கவேண்டும். பழைய சாளரம் பழைய பட்டியலையே நினைவில் வைத்திருக்கும்.

கட்டளைச் சாளரத்தில், 'எங்கே' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதி அதன்பின் மொழியின் பெயரை எழுதினால், அப்பெயருக்கு விடையளிக்கக்கூடியவை அனைத்தும் ஒழுங்குமுறையில் பட்டியலாக வரும். பெல்மதுளைக் கணினியில் மூன்று வந்தன. முதலாவது மாணவி நிறுவிய 3ஆம் தலைமுறைப் பதிப்பு. நிறுவும்போது வழிப்பட்டியலிற் சேர்க்கவா என்ற வினாவுக்கு அவர் ஆம் என்றமையால் அது உச்சியில் அமர்ந்துவிட்டது. இரண்டாவது பழைய 2.7. மூன்றாவது பைதனே அன்று. 2019 முதல் விண்டோஸ் 10 தன்னுடன் கொண்டுவரும் ஒரு வெறும் பதிலாள் அது. பைதன் இல்லாத கணினியில் அப்பெயரைச் சொன்னால் மென்பொருட் கடையைத் திறந்து காட்டுவதே அதன் வேலை. மொழி நிறுவப்பட்டும் கடையே திறக்கின்றது எனச் சிலர் முறையிடுவதன் காரணம், அப்பதிலாள் பட்டியலில் முந்தி நிற்பதே.

பொதிகளை நிறுவும் 'பிப்' என்னும் கருவிக்கும் இதே நிலைதான். அதனைத் தனித்து அழைத்தால், நாம் கையாளும் பதிப்புக்கன்றி வேறொரு பதிப்புக்கு அது பொதியை நிறுவிவிடக்கூடும். பொதி நிறுவப்பட்டது என ஒரு செய்தியும், அப்பொதி இல்லை என இன்னொரு செய்தியும் மாறி மாறி வருவதன் மருமம் இதுவேயாகும். ஆகவே எப்பதிப்புக்கு வேண்டுமோ அப்பதிப்பின் பொறிவழியாகவே 'பிப்'பை அழைத்தல் வேண்டும்.

5. உரத்த வழுவும் ஊமை வழுவும்

அடைப்புக்குறிகளை இட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. அடுத்து நிகழ்ந்தவை தமிழ் ஆய்வாளர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியவை.

'தமிழ்' என்னும் சொல்லுக்கு எத்தனை எழுத்து என இரு தலைமுறைகளையும் வினவினோம். பழையது 15 என்றது. புதியது 5 என்றது. தமிழிலக்கணமோ 3 என்கின்றது. மூன்றும் தத்தம் அடிப்படையிற் சரியானவை. ஒருங்குறியில் இச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாலானது. அவற்றைக் கோப்பில் எழுத இன்று பெருவழக்காக உள்ள குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைற்றுகள் வேண்டும், எனவே 15. பழைய தலைமுறை சாதாரண எழுத்துத்தொடரைப் பைற்றுகளின் வரிசையாகக் கண்டது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்து ஒரு பைற்று என்பதால் அக்குறை ஆங்கிலம் எழுதுவோர்க்குத் தெரியவில்லை. புதிய தலைமுறை அதனைக் குறியீடுகளின் வரிசையாகக் காண்கின்றது. உலகமொழிகள் அனைத்தையும் சமமாக நடத்தும் இம்மாற்றமே 3ஆம் தலைமுறை தோன்றியமைக்கான தலையாய காரணங்களுள் ஒன்றாகும். எமக்கு இடர் தந்த பதிப்பு மாற்றம் எம்மொழிக்கு நன்மை செய்த மாற்றமும் ஆகும் என்பதை மறத்தலாகாது.

திருத்தப்பட்ட செய்நிரல் சொற்கோப்பைத் திறந்ததும் மீண்டும் நின்றது. கோப்பு எக்குறிமுறையில் உள்ளது எனச் சொல்லப்படாதவிடத்து, அக்கணினியிலிருந்த பதிப்பு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கென வகுக்கப்பட்ட 1252ஆம் குறிமுறையைக் கொண்டு அதனை வாசிக்க முற்பட்டது. அக்குறிமுறையில் 256 இடங்களுள் 5 இடங்கள் வெறுமையானவை. தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைற்று அவ்வெற்றிடங்களுள் ஒன்றில் சரியாக விழுகின்றது. எனவே 'தமிழ்' என்னும் சொல்லின் 14 பைற்றுகளைப் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாக வாசித்த பொறி, 15ஆவதாகிய புள்ளியின் கடைப் பைற்றில் தடக்கி விழுந்தது. மெய்யெழுத்து வருமிடமெல்லாம் செய்நிரல் நிற்பதன் காரணம் இதுவே. கோப்பைத் திறக்கும் வரியில் குறிமுறையின் பெயரை வெளிப்படையாக எழுதியதும் இது தீர்ந்தது.

இவ்விரண்டும் உரத்த வழுக்கள். தாமே கூவித் தம்மைக் காட்டிக்கொண்டன. மூன்றாவது ஊமை வழு. பழைய செய்நிரலை எழுதியவர், 15 என வரும் விடையை 3ஆல் வகுத்து 5 எனக் கொண்டிருந்தார். புதிய சூழலில் விடை ஏற்கனவே 5 ஆகையால், அதனை மீண்டும் 3ஆல் வகுத்து ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவான எண்ணொன்றைச் செய்நிரல் பட்டியலில் எழுதிற்று. வழுச்செய்தி எதுவும் வரவில்லை. பட்டியலைக் கண்ணால் ஒப்பிட்டிராவிடின் அத்தவறு ஆய்வேட்டினுள்ளேயே புகுந்திருக்கும்.

வகுத்தலிலும் இத்தகைய ஊமை வேறுபாடு உண்டு. முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது 2ஆம் தலைமுறை பின்னத்தை விட்டுவிடும். 3ஆம் தலைமுறை தரும். தொழிலாளி ஒருவரின் 7 அரைப்பேரை முழுப்பேராகக் கணிக்க 2ஆல் வகுக்கும் செய்நிரலொன்றை எண்ணிப் பார்ப்போம். புதிய பதிப்பு 3.5 எனக் கூறும். பழையது 3 எனக் கூறி அமைதியாக இருந்துவிடும். அரைநாட் கூலி, எவரும் திருடாமலேயே, பதிப்பு வேறுபாட்டினுள் மறைந்துபோகும். தராசின் முள்ளைப் பார்க்கக் கற்றுக்கொண்ட சமூகம் செய்நிரலின் பதிப்பையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என நாம் கூறுவது இதனாலேயே.

6. இணக்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து தீர்வின் நெறி தானே பெறப்படும். ஒரு கணினிக்கு ஒரு பதிப்பு என்ற கொள்கையைக் கைவிட்டு, ஒரு வேலைக்கு ஒரு சூழல் என்ற கொள்கையை மேற்கொள்ள வேண்டும். பெல்மதுளையில் நாம் கையாண்ட முறை வருமாறு:

முதலாவது, பெயரால் அழைப்பதை விடுத்து எண்ணால் அழைத்தல். 2012இல் வெளிவந்த 3.3ஆம் பதிப்பு முதல் விண்டோசுக்கான பைதனுடன் 'பை' என்னும் சிறு தொடக்கி வருகின்றது. அதனிடம் பதிப்பெண்ணைக் கூறினால் அப்பதிப்பையே எழுப்பும். செய்நிரலின் முதல் வரியிலேயே வேண்டிய பதிப்பை எழுதிவைக்கவும் இயலும். வழிப்பட்டியலில் எது முந்தி நிற்கின்றது என்ற போட்டி இதனால் பொருளிழக்கின்றது.

இரண்டாவது, ஒவ்வொரு வேலைக்கும் மெய்நிகர் சூழல் ஒன்றை அமைத்தல். இதற்கான வசதியும் 3.3ஆம் பதிப்பிலேயே மொழியுடன் இணைக்கப்பட்டது. வேலைக்குரிய கோப்புறையினுள் ஓர் உட்கோப்புறையாக அது அமையும். அவ்வேலைக்கு வேண்டிய பொதிகள் அங்கேயே நிறுவப்படும். மாணவியின் பயிற்சிக்குரிய பொதிகளும் சொற்பட்டியலுக்குரிய பொதிகளும் ஒன்றையொன்று காணமாட்டா. ஏதேனும் கெட்டுவிட்டால் அவ்வுட்கோப்புறையை மட்டும் நீக்கி மீள அமைக்கலாம். அழித்து நிறுவுதல் அங்கே தீங்கற்றதாகின்றது. ஆனால் அக்கோப்புறையை அப்படியே வேறொரு கணினிக்குக் கொண்டுசெல்ல முடியாது. அது தன் முகவரியைத் தன்னுள்ளேயே எழுதிவைத்திருக்கும்.

மூன்றாவது, எழுதிவைத்தல். மொழியின் பதிப்பு, பொதிகளின் பெயர், அவற்றின் பதிப்பெண் ஆகியவற்றை ஒரு சாதாரண எழுத்துக்கோப்பில் பதிந்து செய்நிரலுடன் வைத்தல் வேண்டும். 'பிப்' கருவியே இப்பட்டியலைத் தயாரித்துத் தரும். அதனைக் கொண்டு வேறிடத்திலும் சூழலை மீளமைக்கும். கோப்புறையை எடுத்துச் செல்வதன்று, செய்முறையை எடுத்துச் செல்வதே வழி.

நான்காவது, முதுபதிப்பை ஒதுக்கிவைத்தல். 2.7ஐ நாம் உடனே நீக்கவில்லை. வழிப்பட்டியலிலிருந்து மட்டும் அதன் பெயரை அகற்றி, தனிக் கோப்புறையில் வைத்தோம். 2020க்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத அதனை இணையத்துடன் தொடர்பற்ற வேலைக்கே பயன்படுத்தலாம். அதன் இறுதிப் பணி சாட்சி சொல்வதாக இருந்தது. ஒரே சொற்கோப்பை இரு பதிப்புகளிலும் ஓடவிட்டு, விடைகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களைத் திருத்தினோம். இரண்டும் உடன்பட்ட பின்னரே பழையதற்கு ஓய்வளித்தோம். பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தருவதற்கெனப் பைதனுடன் நெடுங்காலம் வந்த மாற்றுக்கருவி, 2024 ஒக்டோபரில் வெளியான 3.13ஆம் பதிப்புடன் நீக்கப்பட்டுவிட்டது. காலம் தாழ்த்துவோர்க்கு ஏணியும் எடுக்கப்பட்டுவிடும் என்பதற்கு இது சான்று.

இம்முறைக்கு ஒரு செலவும் உண்டு. ஒவ்வொரு சூழலுக்கும் பொதிகளைத் தனித்தனியே இறக்க நேரும். தொலைபேசித் தரவை விலைகொடுத்து வாங்குவோர்க்கு அது பாரமாகும். நல்ல இணைப்புள்ள இடத்தில் பொதிகளை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் கொணர்ந்து, இணையமின்றியே நிறுவும் வசதி 'பிப்' கருவியில் உண்டு. இறக்கும் பொதி பதிப்பெண்ணிலும், 32 பிற்று அல்லது 64 பிற்று என்ற வகையிலும் இலக்குக் கணினியின் பைதனுடன் ஒத்திருத்தல் வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்தல் அவசியம்.

7. பிற சூழல்கள்

கணக்கு மென்பொருள் நின்றமைக்கும் காரணம் இதே வகைப்பட்டது. விண்டோசில் நிறுவப்பட்டவற்றின் பட்டியலை நோக்கின், மைக்ரோசொப்ட் விசுவல் சீ பிளஸ் பிளஸ் என்னும் பெயர் 2005, 2008, 2010, 2012, 2013 என ஆண்டு மட்டும் வேறுபட்டுப் பன்முறை வரும். அவை இரட்டிப்புகளல்ல. ஒவ்வோர் ஆண்டின் தொகுப்பியாலும் ஆக்கப்பட்ட மென்பொருளுக்கு அவ்வாண்டின் துணைநிரலே வேண்டும். 2015 முதல் வந்தவையே தம்முள் பொருந்துமாறு ஒன்றாக்கப்பட்டன. 32 பிற்றுக்கும் 64 பிற்றுக்கும் தனித்தனிப் பதிவுகள் இருப்பதும் இயல்பே. நீக்கப்பட்டதை மீள நிறுவியதும் கணக்கு மென்பொருள் எழுந்தது. மைக்ரோசொப்டின் 'டொட் நெற்' சூழலிலும் பழைய 3.5ஐ வேண்டிநிற்கும் மென்பொருளுக்குப் புதிய 4ஆம் வரிசை போதாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் விருப்பத்தேர்வு வசதிகளில் 3.5ஐத் தனியே இயக்கிக்கொள்ளலாம்.

ஜாவாவில், தொகுக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பும் தன் பதிப்பெண்ணை நெற்றியில் எழுதிக்கொண்டே வருகின்றது. 8ஆம் பதிப்புக்கு 52, 17ஆம் பதிப்புக்கு 61. பழைய எண்ணைப் புதிய பொறி பொதுவாக ஏற்கும். புதிய எண்ணைப் பழைய பொறி ஏலாது. 61ஐக் காட்டி 52 வரையே அறிவேன் என வழுச்செய்தி கூறுமாயின், பொறியே பழையது எனக் கொள்ளலாம்.

லினக்ஸ் முறைமைகளில் ஓர் எச்சரிக்கை தேவை. அங்கே பணிசெயல் முறைமையின் பல உறுப்புகளே பைதனில் எழுதப்பட்டவை. முறைமைக்குரிய பைதனை நீக்குவோர் தாம் அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டுவோராவர். 2023இல் வெளிவந்த டெபியன் 12, முறைமைப் பைதனுக்குள் 'பிப்' வழியாகப் பொதிகளை நிறுவ முற்படின் மறுத்து, மெய்நிகர் சூழலை அமைக்குமாறு கூறுகின்றது. பயனாளரைத் தடுப்பது போலத் தோன்றும் அம்மறுப்பு உண்மையில் அவரைக் காக்கும் ஏற்பாடாகும்.

8. முடிவாக

பதிப்பு முரண்பாட்டைக் கணினியின் பிழையாகவோ, புதியதை நிறுவிய மாணவியின் பிழையாகவோ கொள்வது பொருந்தாது. பழையதும் புதியதும் தத்தம் வேலையைச் செம்மையாகவே செய்தன. அவற்றின் எல்லைகளை வகுப்பார் இல்லாமையே குறையாக இருந்தது. அக்குறையை நிரப்புவதற்குப் புதிய கணினியோ பெரும்பணமோ வேண்டியிருக்கவில்லை. வழுச்செய்தியை வாசிக்கும் பொறுமையும், யார் விடையளிக்கின்றார் எனக் கேட்கும் வழக்கமும், செய்தவற்றை எழுதிவைக்கும் ஒழுங்கும் போதுமானவையாயின.

தமிழாய்வில் ஈடுபட்டோர்க்கு இதில் சிறப்பான கடப்பாடொன்று உண்டு. தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுதும் வகையில் முத்து அண்ணாமலை ஆக்கிய 'எழில்' மொழியும் பைதன் மீதே கட்டப்பட்டதாகும். அடித்தளம் நகரின் அதுவும் உடன்நகர வேண்டும். சொற்றொகுப்புகள், எண்ணிக்கைகள், ஒப்பீடுகள் முதலியன கணினிவழிச் செய்யப்படும் இன்று, ஆய்வுக்குப் பயன்பட்ட செய்நிரலும் அதன் பதிப்பும் குறிக்கப்படாத ஆய்வேடு, எப்பிரதியிலிருந்து பாடங்கொண்டது எனக் கூறாத பதிப்பு நூலை ஒத்ததாகும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் பாடவேறுபாடுகளைக் குறித்துவைத்த நேர்மையை இத்துறையிலும் பேணுதல் வேண்டும்.

படிப்பகத்துச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. எவ்வேலை எக்கோப்புறையில் உள்ளது, எப்பதிப்பில் ஓடுகின்றது, கடைசியாக எப்போது பிரதியெடுக்கப்பட்டது என்பன அதில் எழுதப்பட்டுள்ளன. அதனை எழுதியவர் அந்த உயர்தர வகுப்பு மாணவியே. சொற்பட்டியலில் 'அரைப்பேர்' என்பதற்கு நேரே இலக்கண முறைப்படி 5 என்ற எழுத்தெண்ணிக்கை வரும்வகையில், குறில் நெடிற் குறிகளையும் புள்ளியையும் உரிய எழுத்துடன் சேர்த்தெண்ணும் சில வரிகளைச் செய்நிரலிற் சேர்த்துக் கொடுத்தவரும் அவரே.